நான் யார் தெரியுமா?

1992, டிசம்பர் 14. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாடு. ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, கனடா என்று வெளியுறவு மந்திரிகள் அத்தனை பேரும் கோட்டும் சூட்டுமாக ஆஜர்.

ரஷ்ய வெளியுறவு மந்திரி ஆந்த்ரேய் கோஸிரெவ் பேச எழுந்தார். வயது நாற்பத்தொன்றுதான். சோவியத் யூனியன் உடைந்து அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. 'பழைய பகையெல்லாம் போச்சு, இனி நாங்களும் உங்களில் ஒருவர்' என்று மேற்கு நாடுகளோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த மனிதர். வழக்கம்போல நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

வாயைத் திறந்தார்... மண்டபமே வெலவெலத்துப் போய்விட்டது!

மேற்கு நாடுகளோடு நாங்கள் ஒட்டிப் பழகுவதற்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் பாரம்பரியத்தில் பெரும்பகுதி ஆசியாவில் இருக்கிறது. ஸெர்பியா மீது போட்ட தடைகளை எடுங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு நாங்கள் பக்கபலமாக நிற்போம். பழைய சோவியத் பிரதேசம் முழுக்க எங்கள் பேட்டை. அங்கே எங்கள் நலனைக் காக்க ராணுவம் உட்பட எல்லா வழிகளையும் கையாளுவோம்... இதுதான் பேச்சின் சாராம்சம்.

அமெரிக்க வெளியுறவு மந்திரி லாரன்ஸ் ஈகிள்பர்கர் ஆடிப்போய்விட்டார். மாஸ்கோவில் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்சி கீட்சி கவிழ்ந்துவிட்டதோ என்று தூதர்கள் மத்தியில் ஒரே பரபரப்பு.

ஒரு மணி நேரத்துக்குள் கோஸிரெவ் மறுபடியும் மைக் முன்னால் வந்தார். 'பயப்படாதீர்கள், நான் பேசியது நிஜமில்லை. அதிபர் யெல்ட்ஸினுடைய எதிரிகள் ஆட்சியைப் பிடித்தால் எப்படிப் பேசுவார்கள் என்று காட்டுவதற்காகப் பேசினேன்' என்று விளக்கம் சொன்னார். சிலர் 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டார்கள். சிலர், 'இதெல்லாம் ஒரு விளையாட்டா?' என்று கோபித்துக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சை இன்றைக்கு எடுத்துப் படித்தால் சிரிப்பு வராது. அன்றைக்கு நாடகமாகச் சொன்னதில் பெரும்பகுதி பின்னால் ரஷ்யாவின் நிஜக் கொள்கையாகவே ஆகிவிட்டது. விளையாட்டு எப்படி வினையாச்சு? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பஸ்ஸில் ஒரு குரல்

பீக் அவரில் நெரிசலான டவுன் பஸ். கண்டக்டர் சில்லறை கேட்கிறார். திடீரென்று ஒரு குரல், 'யோவ், நான் யார் தெரியுமா?'

நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நிஜமாகவே பெரிய பதவியில் இருக்கிற ஆசாமி இப்படிக் கேட்பதே இல்லை. (அவர் ஏன் டவுன் பஸ்ஸில் வரப்போகிறார்!) நேற்றுவரை ஜீப்பும் டவாலி போட்ட பியூனுமாக இருந்து, போன மாதம் ரிட்டயர் ஆனவர்தான் கேட்பார். அந்தக் கேள்வி கண்டக்டருக்கானது இல்லை. பாவம், மனுஷன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார்.

நாடுகளும் அப்படித்தான்.

வெளியுறவுக் கொள்கை என்றால் எண்ணெய், பணம், ஆயுதம், துறைமுகம் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அது முக்கால் கதைதான். ராத்திரி தெருவில் சத்தம் கேட்கிறது. எவனோ எவனையோ அடிக்கிறான் என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். அடி வாங்குகிறவன் நம்ம சித்தப்பா பையன் என்று தெரிந்தால்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறோமா இல்லையா? சண்டை ஒன்றுதான். 'நம்மவன்' என்ற ஒரு வார்த்தை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

ஒரு வல்லரசுக்கு யார் 'நம்மவன்'? அந்த நாடு 'நான் யார்?' என்ற கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறதோ, அதைப் பொறுத்தது. பதில் மாறினால் நம்மவனும் மாறுவான். சண்டையும் மாறும். இதற்கு ரஷ்யாவைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். முப்பது வருஷத்தில் மூன்று தடவை பதிலை மாற்றிய நாடு அது.

கொடி ஒரு காலம், பாட்டு ஒரு காலம்

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் பதினைந்து துண்டானது. சுமார் இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் காலையில் எழுந்து பார்த்தால் வெளிநாட்டில் இருந்தார்கள். வீடு மாறவில்லை. வாசல் மாறவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிருந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உலகத்தையே மிரட்டிய ராஜ்யம், சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் தடுமாறியது. ரிட்டயர் ஆன ஆபீஸர் கதைதான்!

'நாம் யார்?' என்று நிஜமாகவே தெரியவில்லை. 1996-ல் யெல்ட்ஸின், 'ரஷ்யாவுக்கு ஒரு தேசியக் கொள்கை கண்டுபிடியுங்கள்' என்று சொல்ல, அரசாங்கப் பத்திரிகை ஒன்று அதற்குப் போட்டியே வைத்தது. பரிசுத் தொகையும் உண்டு! 'நான் இந்த சோப்பை விரும்பக் காரணம்...' என்று பத்து வார்த்தைக்கு மிகாமல் எழுதி அனுப்பச் சொல்வார்களே, அந்த மாதிரி. தபால்கள் வந்தன. கொள்கைதான் வரவில்லை.

தேசிய கீதத்தின் கதை இன்னும் தமாஷ். சோவியத் பாட்டைத் தூக்கிவிட்டு, க்ளிங்கா என்ற பழைய இசைமேதையின் மெட்டு ஒன்றை வைத்தார்கள். அதற்கு வார்த்தையே கிடையாது. ஏறக்குறைய பத்து வருஷம் ரஷ்யர்கள் தேசிய கீதத்துக்கு வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

2000-ல் புடின் வந்தார். பழைய சோவியத் மெட்டையே திரும்பக் கொண்டுவந்தார். புது வார்த்தைகள் எழுதியது யார்? செர்கேய் மிகல்கோவ். ஸ்டாலின் காலத்தில் அதே மெட்டுக்கு முதல் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர். ஸ்டாலின் பெயரை வைத்து ஒரு தரம், 1977-ல் ஸ்டாலின் பெயரை எடுத்துவிட்டு ஒரு தரம், 2000-ல் கடவுளைச் சேர்த்து ஒரு தரம் என்று ஒரே மனுஷன் மூன்று பாட்டு!

ஆக, இன்றைய ரஷ்யாவின் மூவர்ணக் கொடி ஜார் சக்கரவர்த்திகள் காலத்தியது. சின்னமான இரட்டைத் தலைக் கழுகு பைஸாந்திய சாம்ராஜ்யத்தின் வழியாக வந்தது. பாட்டின் மெட்டு ஸ்டாலின் காலத்தியது. கொடியும் கழுகும் பாட்டும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ள வேண்டியவை. ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு செய்தி இருக்கிறது, 'நாங்கள் பெரிய ஆள்!'

பாதி வழியில் திரும்பிய விமானம்

முதல் பதில் கோஸிரெவ் சொன்னது: 'நாங்கள் ஐரோப்பியர்கள், உங்களில் ஒருவர்.' அந்தப் பதிலோடு இருந்தபோது ரஷ்யா என்ன செய்தது தெரியுமா? போஸ்னியா போருக்காக யூகோஸ்லாவியா மீது ஐ.நா. சபை 1992 மே மாதம் தடை விதித்தபோது, அதற்கு ஆதரவாகக் கை தூக்கியது.

நாலு வருஷத்தில் கோஸிரெவ் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1996 ஜனவரியில் வந்த யெவ்கெனி ப்ரிமகோவ் வேறு ரகம். இரண்டாவது பதில் அவருடையது: 'நாங்கள் தனி வல்லரசு. எங்களைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது.'

1999, மார்ச் மாதம். அப்போது ப்ரிமகோவ் பிரதமர். வாஷிங்டனுக்குப் பறந்துகொண்டிருக்கிறார். முந்தின ஆகஸ்டில்தான் ரஷ்யா கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கையை விரித்திருந்தது. சர்வதேச நிதியத்திடம் புதுக் கடனுக்குப் பேசுவது பயணத்தின் முக்கிய நோக்கம். அட்லாண்டிக் கடல்மேல் போய்க்கொண்டிருக்கும்போது அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோரிடமிருந்து போன். கொஸோவோ விவகாரத்தில் யூகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டுவீச்சு நடக்கப்போகிறது என்று தகவல்.

ப்ரிமகோவ் விமானத்தைத் திருப்பச் சொன்னார். நடுவானில் யூ டர்ன்!

கடன் கேட்கப் போகிறவன் பாதி வழியில் கோபித்துக்கொண்டு திரும்புவானா? இதனால் ரஷ்யாவுக்கு 1,500 கோடி டாலர் நஷ்டம் என்று மாஸ்கோவின் 'கொம்மர்சான்ட்' பத்திரிகை கணக்குப் போட்டுத் திட்டியது. ஆனால் ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது.

இத்தனைக்கும் ஸெர்பியாவுக்கும் ரஷ்யாவுக்கும் பொது எல்லை கிடையாது. பெரிய எண்ணெய்க் கிணறு கிடையாது. பின்னே ஏன்?

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். 988-ல் கீவ் நகர மன்னர் விளாடிமிர், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டார். 1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர்கள் கையில் விழுந்தது. 'ரோம் போச்சு, இரண்டாவது ரோமும் போச்சு. மூன்றாவது ரோம் நம்ம மாஸ்கோதான்' என்று பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ரஷ்யத் துறவி எழுதி வைத்தார். நாளடைவில் அந்த வார்த்தை ரத்தத்தில் கலந்துவிட்டது. உலகத்தில் எங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவன் அடி வாங்கினாலும், எங்கே ஸ்லாவிய இனத்தவன் அழுதாலும் கேட்க வேண்டியது ரஷ்யா.

1774-ல் துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்டி, சுல்தான் ஆட்சியில் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு நாங்கள்தான் கார்டியன் என்றார்கள். 1853-ல் புனித பூமியின் தேவாலயங்களில் யாருக்கு உரிமை என்ற தகராறு கிரிமியப் போராக வெடித்தது. 1877-ல் பல்கேரியர்களுக்காகத் துருக்கியோடு போர். 1914-ல் ஸெர்பியாவுக்காகக் களத்தில் குதித்து, முதல் உலகப் போரில் சாம்ராஜ்யமே கவிழ்ந்துபோனது. அண்ணன் வேஷம் அவ்வளவு செலவு பிடித்த வேஷம்! ஆனாலும் விட முடியவில்லை.

1999 ஜூனில் இன்னொரு காட்சி. குண்டுவீச்சு முடிந்து நேட்டோ படைகள் கொஸோவோவுக்குள் நுழையத் தயாராகும்போது, போஸ்னியாவில் இருந்த ரஷ்ய வீரர்கள் சுமார் 200 பேர் லாரிகளிலும் கவச வண்டிகளிலும் ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்து ப்ரிஸ்டினா விமான நிலையத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தடுத்து நிறுத்தச் சொல்லி நேட்டோ தளபதி வெஸ்லி கிளார்க் உத்தரவு போட, பிரிட்டிஷ் ஜெனரல் மைக் ஜாக்சன், 'உங்களுக்காக மூன்றாம் உலகப் போரை ஆரம்பிக்க என்னால் முடியாது' என்ற அர்த்தத்தில் மறுத்துவிட்டார். பக்கத்து நாடுகள் ரஷ்ய விமானங்களுக்கு வழி விடவில்லை. கூடுதல் படை வந்து சேர முடியாமல் அந்த 200 பேர் மாட்டிக்கொண்டார்கள். ராணுவக் கணக்கில் பார்த்தால் பலன் பூஜ்யம். 'நான் யார் தெரியுமா?' கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறு.

(ஒரு துணுக்கு: அன்றைக்கு விமான நிலையம் நோக்கி வந்த பிரிட்டிஷ் படையின் முன்னணியில் இருந்த இளம் அதிகாரி ஜேம்ஸ் பிளன்ட். பிறகு ராணுவத்தை விட்டுவிட்டுக் காதல் பாட்டு பாடி உலகப்புகழ் பெற்றாரே, அதே ஜேம்ஸ் பிளன்ட்!)

ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு

மூன்றாவது பதில் மெல்ல மெல்ல உருவானது. 'ரஷ்யா என்பது வெறும் எல்லைக்கோடு இல்லை. ரஷ்ய மொழி, ரஷ்ய தேவாலயம், ரஷ்ய நினைவுகள் எங்கெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் ரஷ்ய உலகம்.' கேட்கக் கவிதை மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனாக இருந்து கேட்டுப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

ஜார்ஜியா என்ற சின்ன நாட்டில் அப்காஸியா, தெற்கு ஒஸெட்டியா என்று இரண்டு பிரதேசங்கள் தனியே போக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. 2002-க்குப் பிறகு ரஷ்யா அங்கே இருந்தவர்களுக்குத் தாராளமாகப் பாஸ்போர்ட் கொடுத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் பெயரை நம்ம ரேஷன் கார்டில் சேர்த்துக்கொண்டு, பிற்பாடு 'என் பிள்ளையை எப்படி அடிக்கலாம்?' என்று சண்டைக்குப் போவது போல.

2008, ஆகஸ்ட் 7 ராத்திரி ஜார்ஜியா அவசரப்பட்டுத் தெற்கு ஒஸெட்டியாவின் தலைநகர்மீது பீரங்கித் தாக்குதல் நடத்தியது. மறுநாள் உலகமே பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவைப் பார்த்துக்கொண்டிருக்க, ரஷ்ய டாங்கிகள் மலையைத் தாண்டி இறங்கின. 'எங்கள் பிரஜைகள் எங்கிருந்தாலும் அவர்கள் உயிரையும் மானத்தையும் காப்பது என் கடமை' என்ற ரீதியில் அதிபர் மெத்வதேவ் காரணம் சொன்னார். ஐந்தே நாளில் ஜார்ஜியா படுத்துவிட்டது. சண்டையை முதலில் ஆரம்பித்தது ஜார்ஜியாதான், ஆனால் ரஷ்யாவின் பதிலடி அளவுக்கு மீறியது, பாஸ்போர்ட் விநியோகமும் முறையில்லை என்று ஐரோப்பிய யூனியனின் விசாரணை அறிக்கை 2009-ல் சொன்னது.

பிரஜைகளைக் காப்பாற்றத்தான் படை போகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். படை போவதற்காகப் பிரஜைகளை உண்டாக்கலாம் என்பது புதுப் பாடம்! 2019-ல் கிழக்கு உக்ரைனிலும் இதே பாஸ்போர்ட் வேலை நடந்தது.

இரண்டு விளாடிமிர்கள்

இப்போது உக்ரைன்.

988-ல் மதம் மாறிய விளாடிமிர் மன்னர் ஆண்டது கீவ் நகரத்தில். அப்போது மாஸ்கோ பற்றிப் பேச்சே இல்லை. சரித்திர ஏடுகளில் அந்த ஊரின் பெயர் முதன்முதலாகத் தலைகாட்டுவதே 1147-ல்தான். கீவில் அந்த மன்னருக்கு 1853-லேயே சிலை வைத்தாகிவிட்டது. மாஸ்கோ சும்மா இருக்குமா? 2016-ல் கிரெம்ளின் அருகிலேயே இன்னும் பெரிதாக ஒரு சிலை. ரஷ்யாவில் அவர் விளாடிமிர். உக்ரைனில் அதே பெயர் வொலோதிமிர். போரில் மோதிய இரண்டு அதிபர்களின் பெயரும் அதேதான், விளாடிமிர் புடின், வொலோதிமிர் ஜெலன்ஸ்கி! ஒரே தாத்தா பெயரை வைத்துக்கொண்ட இரண்டு பேரன்களின் பாகப்பிரிவினை வழக்கு.

நாமும் இதில் கொஞ்சம் குழம்பியவர்கள்தான். ஒரு காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் கொள்ளை மலிவாகக் கிடைத்த சோவியத் புத்தகங்கள் பலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். எல்லாமே நமக்கு 'ரஷ்யப் புத்தகம்'. அந்த வரிசையில் ஒருவர் கோகல். பிறந்தது உக்ரைனின் பொல்தாவா பக்கம். எழுதியது ரஷ்ய மொழியில். அவர் யார் எழுத்தாளர்? இரண்டு நாடும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1954-ல் சோவியத் தலைமை கிரிமியாவை ரஷ்யாவிலிருந்து பிரித்து உக்ரைனோடு சேர்த்தது. அன்றைக்கு அது ஒரே வீட்டில் சாமானை இந்த ரூமிலிருந்து அந்த ரூமுக்கு மாற்றியது மாதிரி. 1991-ல் வீடே இரண்டானபோதுதான் வம்பு. அந்த வருஷம் டிசம்பர் 1 அன்று உக்ரைனில் நடந்த வாக்கெடுப்பில் 90 சதவிகிதத்துக்கு மேல் தனி நாடு கேட்டார்கள். ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் நிறைந்த தோனெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளில்கூட 83 சதவிகிதத்துக்கு மேல். கிரிமியாவில் 54. மூன்று வருஷம் கழித்து, உலகத்தில் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியலை உக்ரைன் ஒப்படைக்கச் சம்மதித்தது. பதிலுக்கு எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் புடாபெஸ்ட் நகரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன.

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. புடின் சொன்ன காரணம் எண்ணெயோ கப்பல் தளமோ மட்டும் இல்லை. விளாடிமிர் மன்னர் ஞானஸ்நானம் பெற்ற மண் இது என்றார். அந்த வருஷக் கடைசியில் இன்னும் ஒரு படி மேலே போய், யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஜெருசலேம் கோயில் மலை எப்படியோ, ரஷ்யர்களுக்குக் கிரிமியா அப்படி என்றார். மாஸ்கோவின் 'லெவாடா' கருத்துக் கணிப்பில் அவர் செல்வாக்கு 80 சதவிகிதத்தைத் தாண்டியது. விலைவாசி ஏறினாலும் பரவாயில்லை, 'நாம மறுபடி பெரிய ஆள்' என்கிற போதை!

2021 ஜூலையில் புடின் தன் பெயரிலேயே நீளமான ஒரு சரித்திரக் கட்டுரை வெளியிட்டார். ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்பது அதன் சாரம். 2022 பிப்ரவரி 21 அன்று டி.வி.யில், இன்றைய உக்ரைனே லெனினுடைய சிருஷ்டி என்றார். மூன்றாவது நாள் படையெடுப்பு.

'நீயும் நானும் ஒண்ணு' என்பது அன்பான வார்த்தைதான். எதிராளி 'இல்லை' என்று சொன்ன பிறகும் அதையே சொல்லிக்கொண்டு கதவை உடைத்தால் அதற்குப் பெயர் வேறு.

நேட்டோதானே காரணம்?

டீக்கடை வாதத்தில் உடனே ஒருவர் எழுந்திருப்பார். 'சார், நேட்டோ வாசல்வரைக்கும் வந்துட்டான், ரஷ்யா என்ன செய்வான்?'

நியாயமான கேள்வி. 1999-ல் போலந்து, ஹங்கேரி, செக். 2004-ல் ஒரே மூச்சில் ஏழு நாடுகள். 2008-ல் உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும், 'பிற்பாடு உங்களையும் சேர்த்துக்கொள்வோம்' என்று வாக்குறுதி. இதையெல்லாம் பார்த்து மாஸ்கோ எரிச்சலடைந்தது உண்மை. மேற்கு நாடுகளும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. 'சுதந்திர உலகின் தலைவன் நான்' என்ற அமெரிக்காவின் பிம்பம் 2003-ல் ஈராக்கில் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். தேடிப் போன பேரழிவு ஆயுதம் கிடைக்கவே இல்லை.

ஆனால் ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போம். பின்லாந்து. ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. 1809 முதல் 1917 வரை ஜார் ஆட்சியில் இருந்த தேசம். 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. நேட்டோவோடு ரஷ்யாவின் எல்லை ஒரே நாளில் இரட்டிப்புக்கு மேல் ஆனது. போர் வந்ததா? இல்லை. ரஷ்யா திட்டியது, அந்தப் பக்கம் படையைக் கூட்டியது, அவ்வளவுதான். பின்லாந்தும் ஸ்வீடனும் சேருவதில் எங்களுக்குப் பிரச்னை இல்லை என்று 2022-ல் புடினே சொல்லியிருந்தார்.

நேட்டோ மட்டும்தான் காரணம் என்றால் பின்லாந்து பற்றி எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. ஏன்? பின்லாந்துக்காரனை ரஷ்யன் எந்தக் காலத்திலும் 'நம்மவன்' என்று நினைத்ததில்லை. போனால் போகட்டும். உக்ரைன் போவது அப்படி இல்லை. அது சொந்தக் கையை வெட்டிக்கொள்வது மாதிரி. பயம் படையைத் தயார் செய்யும்; எந்தப் பக்கம் அனுப்புவது என்று சொல்வது 'நான் யார்' என்கிற கதைதான்.

கல்யாணத்துக்கு வராத அண்ணன்

அப்படியானால் நம்மவனுக்கு ஒன்று என்றால் ரஷ்யா ஓடி வந்துவிடுமா? ஆர்மீனியர்களைக் கேளுங்கள்.

ரஷ்யாவோடு ராணுவக் கூட்டணி. தங்கள் மண்ணில் ரஷ்யப் படைத்தளம். பழங்காலக் கிறிஸ்தவ நாடு. பாதுகாவலன் கதைப்படி, தம்பி ஸ்தானம். 2020-ல் நகோர்னோ கராபாக் பிரதேசத்துக்காக அஜர்பைஜானோடு 44 நாள் போர். ரஷ்யா சண்டைக்கு வரவில்லை. சட்டப்படி அந்த இடம் அஜர்பைஜானுடையது, கூட்டணி ஒப்பந்தம் அங்கே செல்லாது என்று காரணம். கடைசியில் சமாதானம் செய்துவைத்து, சுமார் 2,000 வீரர்களைக் காவலுக்கு வைத்தது.

2023 செப்டம்பரில் அஜர்பைஜான் மறுபடி தாக்கியது. ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். காவலுக்கு இருந்த ரஷ்ய வீரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யாவுக்கு உக்ரைனில் கை நிறைய வேலை. துருக்கியும் அஜர்பைஜானும் அப்போது மிகவும் வேண்டியவர்கள். 2024-ல் ஆர்மீனியா அந்தக் கூட்டணியில் தன் பங்கேற்பை நிறுத்தி வைத்துவிட்டது.

இதிலிருந்து தெரிவது, 'அண்ணன்' கதை பொய்யில்லை, ஆனால் அண்ணனுக்குச் சௌகரியப்படும்போதுதான் அவருக்குப் பாசம் பொங்கும். அண்ணனை நம்பி வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

தரையில் எழுதிய வார்த்தை

இத்தனை பெரிய சரித்திரத்துக்கு நடுவே சின்ன மனுஷர்களை மறந்துவிட்டோம்.

மரியுபோல். உக்ரைனின் கடலோரத் தொழில் நகரம். வீதியில் பெரும்பாலும் ரஷ்ய மொழிதான் கேட்கும். புடினின் கணக்குப்படி, காப்பாற்றப்பட வேண்டிய 'நம்மவர்கள்' வாழும் ஊர். 2022 மார்ச்சில் ரஷ்யப் படை முற்றுகையிட்டபோது, நூற்றுக்கணக்கான ஜனங்கள் அங்கிருந்த நாடக அரங்கில் தஞ்சம் புகுந்தார்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று கட்டடத்துக்கு வெளியே தரையில் ராட்சத எழுத்துக்களில் ஒரு வார்த்தை எழுதி வைத்தார்கள். 'குழந்தைகள்.' எந்த மொழியில் தெரியுமா? ரஷ்ய மொழியில்.

மார்ச் 16 அன்று அந்தக் கட்டடத்தின்மேல் குண்டு விழுந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் பெரிய விசித்திரம். 'நீங்களெல்லாம் ரஷ்யர்கள்' என்று சொல்லிக்கொண்டு வந்த படை, அரைகுறையாக இருந்தவர்களையும் முழு உக்ரைனியர்களாக ஆக்கிவிட்டது. ரஷ்ய மொழியை வீட்டு மொழியாகக் கொண்டு வளர்ந்தவர்தான் ஜெலன்ஸ்கி. எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கார்கிவும் ரஷ்ய மொழி பேசும் நகரம்தான். அந்த ஊர் பூச்செண்டோடு வரவேற்கவில்லை, துப்பாக்கியோடு நின்றது. தலைமுறை தலைமுறையாக ஜனவரி 7-ல் கொண்டாடிய கிறிஸ்துமஸைக்கூட 2023-ல் சட்டம் போட்டு டிசம்பர் 25-க்கு மாற்றிவிட்டார்கள். மாஸ்கோவோடு பண்டிகைகூடச் சேர்ந்து வேண்டாமாம்!

'நீ யார்' என்று ரஷ்யா சொல்லிக்கொண்டே இருந்தது. 'நான் யார்' என்று உக்ரைன்காரனே சொல்லிக்கொண்டான். வரைபடத்தில் கோட்டை எங்கே போட்டாலும் இந்தப் பதிலை இனி அழிப்பது கஷ்டம்.

'நமக்கு எதுக்கு சார் ரஷ்யா உக்ரைன் எல்லாம்?' என்று கேட்கிறீர்களா? 2022-ல் கார்கிவிலும் சுமியிலும் பாதாள அறைகளில் பதுங்கிக் கிடந்த மருத்துவ மாணவர்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். 'ஆபரேஷன் கங்கா' என்று விமானம் விமானமாக அனுப்பி மீட்டு வர வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை, ரஷ்யாவில் ஹெல்பர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஏஜென்ட்டுகள் சொன்னதை நம்பிப் போன இந்திய இளைஞர்கள் சிலர், யூனிபாரம் மாட்டப்பட்டு உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் பிணமாகத்தான் திரும்பினார்கள். 2024 ஜூலையில் மாஸ்கோ போன பிரதமர் மோடி இதைப் புடினிடமே பேச வேண்டியிருந்தது.

செத்துப்போன அந்தப் பையன்களுக்கு விளாடிமிர் மன்னரும் தெரியாது, மூன்றாவது ரோமும் தெரியாது. ஊரில் தங்கை கல்யாணமோ, வீட்டுக் கடனோ, அந்த மாதிரி நம்ம எல்லோருக்கும் இருக்கிற காரணம் ஏதோ ஒன்றுதான் இருந்திருக்கும். உங்கள் நண்பர் யாராவது, 'மச்சான், ரஷ்யாவுல ஒரு வேலை வந்திருக்கு, போர்முனைக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்களாம்' என்று சொன்னால், தயவுசெய்து அவர் சட்டையைப் பிடித்து உட்கார வையுங்கள்.